வீடு யார் பேரில்

ஜூலை 3, வியாழன்

முதல் நாள். பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டேன். இப்படி எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். போனது போர்முனைக்கு இல்லை, ஏரிக்கரை புதுநகருக்கு. எங்கள் அடுக்ககத்திலிருந்து கிளம்பினால் ஆட்டோ ரேடியோவில் நாலு பாட்டு முடிவதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் ஆட்டோக்காரரே "உள்ள வரமாட்டேன் மேடம், முனையிலயே இறங்கிக்குங்க" என்றுவிட்டார்.

ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம் அது. எட்டு மாடிக் கட்டடங்கள், எல்லாம் ஒரே மாதிரி, நம்பர் மட்டும்தான் வேறு. செய்தியில் இந்தப் பெயர் வந்தால் கூடவே கத்தியும் கஞ்சாவும் வரும். செயினையும் வளையலையும் கழற்றி பீரோவில் வைத்துவிட்டுத்தான் போனேன். பெர்னதெத் சிஸ்டர் என் வெறும் கழுத்தைப் பார்த்தார்.

சிஸ்டர், குணமாகாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு குழுவின் நர்ஸ். என் கணவரின் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டுக்கும் வந்தவர். வாரம் ஒருநாள் அவருக்கு உதவியாகப் போக ஒத்துக்கொண்டேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவிலேயே காலம் தள்ளியவளுக்கு வீட்டில் சும்மா இருப்பது கஷ்டம். மகன் முகுந்தன் டொரான்டோவிலிருந்து வழக்கமாக வியாழக்கிழமை காலையில் போன் செய்கிறான், அதற்காகத்தான் வெளியே ஓடுகிறேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

எனக்குக் கொடுத்திருக்கும் நோயாளியின் பெயர் எல்லம்மா. என்னைவிட வயதில் சின்னவர். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது. மகள் சுகந்தி ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். வியாழன் அவளுக்கு லீவு. மற்ற நாட்களில் விடிந்ததும் தண்ணீர் டேங்க் பக்கத்தில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுமாம். அப்போது எதிர்வீட்டு அம்மா எல்லம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்.

உடம்பு துடைப்பது, தலை வாருவது, பேச்சுக் கொடுப்பது என் வேலை. மாத்திரை சிஸ்டரின் வேலை. மார்ஃபின். ஒரு வாரத்துக்குத்தான் கொடுப்பார், ஆளை நேரில் பார்த்தால்தான் கொடுப்பார்.

சுகந்தி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். "என்கிட்ட இருக்கும்மா" என்று பையிலிருந்த பாட்டிலைக் காட்டினேன். எனக்கு வெளித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. வேறொன்றும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

எங்கள் சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர். வேலைக்கு வருகிறவர்களை மெயின் லிஃப்டில் விடலாமா கூடாதா என்று அடுக்ககக் குரூப்பில் காலையிலிருந்து சண்டை. நான் எதுவும் எழுதவில்லை. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் தனலட்சுமி மாடி ஏறி வந்து, துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காபி கொடுத்தேன்.

முகுந்தன் இரண்டு தடவை கூப்பிட்டான். கை ஈரமாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மெசேஜ்: "அம்மா, ஃப்ளாட் விஷயமா பேசணும். ஃப்ரீயா இருக்கறப்போ கூப்பிடு."

இன்று மிளகு ரசம். நன்றாக வந்தது.

ஜூலை 10, வியாழன்

பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பையன்கள் எழுந்து வழிவிட்டார்கள். இருந்தாலும் பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் ஏறினேன். அது தானாக வருகிறது.

எல்லம்மா இன்று பேசினார். தலை வாரிவிடும்போது, "மெதுவா வாரும்மா, கொஞ்சந்தான் கீது, அதையும் புடுங்கிடாத" என்றார். ஆற்றோரத்தில் இருந்த கதையெல்லாம் சொன்னார். "வெள்ளம் வரும், கொசு தூக்கினு போவும். ஆனா வேலைக்கு நடந்தே பூடுவேன். இங்க வந்து இன்னா, பஸ்ஸுக்கு நின்னு நின்னே காலு போச்சு." அவர் வேலை பார்த்ததெல்லாம் எங்கள் பக்கத்து வீடுகளில்தான். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

பேச்சு நின்றதும் எதையாவது கேட்கவேண்டுமே என்று கேட்டேன். நம் வீடுகளில் யார் வந்தாலும் கேட்கிறதுதான். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க? வீடு யார் பேர்ல?"

சுகந்தி பக்கெட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "அம்மா பேர்லதான்" என்றாள்.

"கதவுக்கு மேல பெயிண்ட்ல வேற பேர் எழுதியிருக்கே."

சும்மாத்தான் சொன்னேன். ஆபீஸ் பழக்கம். சொன்னதும் எழுதியதும் ஒத்துப்போகாவிட்டால் என் கண் அங்கேயே நிற்கும். "அது தப்பா எழுதிட்டாங்க மேடம்" என்றாள். பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

இந்தத் தடவை அவள் தண்ணீர் கொண்டுவரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

வீடு பூட்டியிருக்கிறது. சுகந்தியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

எதிர்வீட்டு அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "ஊருக்குப் போய்ட்டாங்க."

"எந்த ஊருக்கு?" என்று கேட்டேன்.

"ஊருக்குத்தான்." என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு சிஸ்டரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இறங்கும்போது சிஸ்டர் சொன்னார். அந்த வீடு வேறு யாருக்கோ ஒதுக்கியதாம். இவர்கள் அதில் வாடகைக்கு இருக்கிறார்கள். அப்படி இருக்கக்கூடாது. அவ்வப்போது செக்கிங் வரும், பிடிபட்டால் சாமானை வெளியே வைத்துவிடுவார்கள். "போன வாரம் செக்கிங் வந்துடுச்சுன்னு பயந்து, ராவோட ராவா அந்தம்மாவத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"யார் வந்தது செக்கிங்குக்கு?"

சிஸ்டர் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "ஒரு மேடமாம். வீடு யார் பேர்லன்னு கேட்டாங்களாம், கதவு மேல இருக்கற பேரப் படிச்சாங்களாம். தண்ணி குடுத்தா குடிக்கல. செக்கிங் வர்றவங்க யாரும் இவங்க வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டாங்களாம், அத வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்களாம்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

மாத்திரை நேற்றோடு தீர்ந்திருக்கும். "திடீர்னு நிறுத்தினா வலி மட்டும் இல்ல, உடம்பே தூக்கிப்போடும்" என்று சிஸ்டர் போனில் சொன்னார். "எதிர்வீட்டு அம்மாவுக்கும் எடம் தெரியாதாம். கேட்டுப் பாக்கறேன். நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க."

உழப்பிக்கொள்ளாமல் என்ன செய்வது? என் கணவருக்கு ஒருநாள் மாத்திரை இரண்டு மணி நேரம் தாமதமானது. அன்று அவர் எழுப்பிய சத்தம் இப்போதும் குளியலறையில் தண்ணீர் திறந்தால் கேட்கிறது.

நான் கிளெய்ம் பிரிவில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் சொன்னவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததில்லை. அவர்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

நாளைக்கு சனிக்கிழமை, எங்கே இருந்தாலும் சுகந்தி வேலைக்குப் போகாமல் முடியாது, வேன் வரும். தனியாகப் போகவேண்டும். நினைத்தாலே உள்ளங்கால் சில்லிடுகிறது.

ஜூலை 19, சனி

போய்விட்டு வந்தேன். வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்க முடியாது.

விடிகிற நேரத்தில் ஆட்டோ முனையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. தண்ணீர் டேங்க் வரை நடந்தேன். நாய்கள் கூடவே வந்தன. டீக்கடையில் நின்றிருந்த ஆண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். லுங்கி கட்டிய ஒருவர் நேராக என்னிடம் வந்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"வேனுக்கா நிக்கறீங்க? லேட்டாவும். பெஞ்சுல உக்காருங்கம்மா" என்றார். பெஞ்சை அவரே துடைத்துவிட்டார்.

சுகந்தி நீல யூனிஃபார்மில் வந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள், பிறகு சந்துப் பக்கம் திரும்பி வேகமாக நடந்தாள். இந்த வயதில் ஓடவேண்டியிருந்தது.

"அம்மா எங்க சுகந்தி?"

"ஊர்ல."

"மாத்திரை தீர்ந்திருக்குமே."

அவள் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கோபம் இல்லை, பயம். என்னைப் பார்த்து ஒருத்தி பயப்படுவதை இதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. பார்த்திருப்பேன், கவனித்திருக்க மாட்டேன்.

"நெஜமா நீங்க யாரு மேடம்?"

"சிஸ்டரோட வர்றவம்மா. உதவிக்கு. அவ்வளவுதான்."

"உதவிக்கு வர்றவங்க எதுக்கு வீடு யார் பேர்லன்னு கேக்கறீங்க?"

சும்மா கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் யாரும் எதையும் சும்மா கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். கிளெய்ம் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவளும், எதிரே நுனியில் நானும். அப்படித்தான் இருந்தது.

"உங்க வீடு எங்க?"

சொன்னேன்.

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"வீடு யார் பேர்ல?"

வேன் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"என் பேர்ல இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பையன் பேர்ல. அவரோட ரிடையர்மென்ட் பணத்தையும் போட்டுத்தான் வாங்கினோம், ஆனா லோன் அவன் பேர்ல, பத்திரமும் அவன் பேர்ல. விக்கப் போறான்னு நினைக்கறேன். அதனாலதான் அவன் போன் பண்ணினா எடுக்கறதில்ல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை. யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண்ணிடம் சந்தில் நின்று சொல்லிவிட்டேன்.

அவள் வேனுக்குக் கையை ஆட்டினாள், போகச் சொல்லி. வேன் போய்விட்டது.

"உங்களுக்குப் பென்ஷன் வருதா?"

"வருது."

"அப்ப அது வேற பயம் மேடம். எங்களுது வேற." அதட்டலாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி சொன்னாள். "குடிசைய எண்ண வந்தன்னிக்கு எங்கம்மா வேலைக்குப் போயிருந்துச்சு. வீடு பூட்டியிருந்துச்சுன்னு பேர எழுதல. எல்லாருக்கும் வீடு வந்துச்சு, எங்களுக்கு வர்ல. வாங்க."

வேறொரு கட்டடம். லிஃப்ட் என்று எழுதியிருந்த இடத்தில் குப்பை. கடைசி மாடிவரை ஏறினோம். இன்னும் யாருக்கும் ஒதுக்காத, கரண்ட் இல்லாத வீடு. கதவை அடையும் முன்பே அந்தச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்.

எல்லம்மா துண்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் சுருண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கால்கள் தானாக உதறின. என்னைப் பார்த்ததும் மகளைப் பார்த்தார், நான் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறேனா என்று கேட்கிற மாதிரி. "இல்லம்மா, அவங்க செக்கிங் இல்ல" என்றாள் சுகந்தி. எல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு நொறுங்கிவிடும்போல் பிடித்தார். நான் விடவில்லை.

நான் போன் செய்ததும் சிஸ்டர் வந்து மாத்திரை கொடுத்து, பிடி தளரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எல்லம்மா கண்ணைத் திறக்காமலே, "சீப்பு எட்த்தாந்தியா?" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

தண்ணீர் கேட்டேன். குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கே குடிச்சிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 20, ஞாயிறு

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 24, வியாழன்

பழைய வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன்கள்தான் எல்லம்மாவை நாற்காலியில் வைத்து இறக்கி, மறுபடி ஏற்றினார்களாம். கரண்ட் இல்லாத இடத்தில் இனி வைக்கமுடியாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது எனக்கும் அந்தக் காது வந்துவிட்டது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துகிறோம். பால்காரர், கேபிள்காரர், பக்கத்து வீட்டுக்கு வந்த மாமனார். நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

ஜூலை 31, வியாழன்

வந்துவிட்டார்கள். உண்மையான செக்கிங்.

கீழ் வீட்டிலிருந்து யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். அதுதான் அடையாளமாம். சுகந்திக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுப்பை அணைத்தாள், ஏனென்று தெரியவில்லை. துணிகளை ஒரு மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தாள். எல்லம்மா, "என்ன வுட்டுட்டுப் போடி" என்றார். சிஸ்டர் வேறு வீட்டில் இருந்தார்.

நான் எழுந்து போய் வாசலில் நின்றேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். கதவில் சாய்ந்துகொண்டுதான் நின்றேன்.

கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒருவர் முன்னால் வந்தார், சின்ன வயசு, நல்ல முகம். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "மேடம், நீங்க?"

"உள்ள கேன்சர் பேஷண்ட். நான் அவங்களப் பாத்துக்கற குழுவில இருக்கேன். ரொம்ப முடியல. இப்ப யாரும் உள்ள வராம இருந்தா நல்லது."

"ஓ. சாரி மேடம்." கையிலிருந்த டேப்லெட் திரையைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பறம் வர்றோம். பாத்துக்குங்க."

போய்விட்டார். வீடு யார் பேரில் என்று கேட்கவே இல்லை. நான் பொய் எதுவும் தயாராக வைத்திருந்தேனா என்று எனக்கே தெரியாது, தேவைப்படவில்லை.

உள்ளே வந்தபோது சுகந்தி மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். "நீ சொல்லியிருந்தாலும் போயிருப்பாரும்மா, நல்ல மாதிரிதான் இருந்தார்" என்றேன்.

"நான் சொல்லியிருந்தா, பேஷண்ட்டக் காட்டுன்னு உள்ள வந்திருப்பாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு புடவையும் கொஞ்சம் பேச்சும், அவ்வளவு சுலபமாக ஆகிவிட்டது. ஆபத்து போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கவேண்டும். அது என்னவோ இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

எல்லம்மா காலையில் போய்விட்டார். தூக்கத்தில். அந்த வீட்டிலேயே, அவர் பாயிலேயே. நேற்று முன்தினம் நான் தலை வாரி விட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்டர்காமில் வாட்ச்மேன் கூப்பிட்டார். "மேடம், யாரோ வேலைக்கு வந்திருக்காங்க. சர்வீஸ் லிஃப்ட்ல அனுப்பட்டா?"

நானே கீழே போனேன். சுகந்தி, குழு கொடுத்திருந்த காற்று மெத்தையைத் திருப்பிக் கொடுக்கச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். மெயின் லிஃப்டில் கூட்டிவந்தேன். நடுவில் ஏறிய நாலாம் மாடி அம்மா மெத்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரிஞ்சவங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குள் வந்ததும் சுவர், கூரை, பால்கனி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். நான் அவளையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "செக்கிங் இல்லம்மா, சும்மாதான் பாக்கறேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் என்னை மேடம் என்று சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். சாவு விழுந்த வீடு, பெயிண்ட் அடித்து வேறு ஆளுக்கு விடவேண்டுமாம். "எங்க போவ?" என்றேன். "தெரியல. ஆனா இப்ப தூக்கினு ஓட அம்மா இல்லல்ல" என்றாள். காபி போட்டேன்.

அப்போது போன் அடித்தது. முகுந்தன். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எடுங்க."

"அப்பறம் பேசிக்கலாம்."

"இன்னா சொல்லிடப் போறாரு? விக்கறேன்னு சொல்வாரு. அன்னிக்கு நீங்கதான கதவாண்ட நின்னீங்க. நான் இங்க நிக்கறேன். பேசுங்க."

அதற்குள் மணி நின்றுவிட்டது. அவள் யாரையும் கேட்காமல் சமையலறைக்குப் போய், டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து என் முன்னால் வைத்தாள். குடித்தேன். தண்ணீர் கொஞ்சம் புடவையில் சிந்தியது. நானே கூப்பிட்டேன்.

விற்கத்தான் போகிறான். அங்கே வீடு வாங்கப் பணம் வேண்டுமாம். எனக்குச் சின்னதாக ஒன்று பார்த்துவிட்டுத்தான் விற்பேன் என்கிறான். "இவ்வளவு நாளா ஏம்மா போனையே எடுக்கல?" என்றான்.

"பயமா இருந்ததுடா" என்றேன்.

பேசி முடிக்கிறவரை சுகந்தி உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.